அரை டம்ளர் பாலும் அம்மாவின் நுரையீரலும்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் குடியாத்தம் பக்கம். என் அம்மாவுக்கு 58 வயது, பீடி சுற்றுகிறவர், 12 வருடமாகச் சுகர் இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் தொப்புள் பக்கத்தில் இருந்த குடலிறக்கம் திடீரென்று சிக்கிக்கொண்டது. ராத்திரி முழுக்க வாந்தி, வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் சுகர் மாத்திரை போட்டிருந்தார், வெறும் வயிற்றில் சுகர் இறங்கிவிடுமோ என்று பயந்து, சாயங்காலம் 4 மணிக்கு அரை டம்ளர் பாலும் இரண்டு மேரி பிஸ்கட்டும் கொடுத்தேன். 7 மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். நர்ஸ் வந்து 'எப்போ சாப்பிட்டாங்க?' என்று கேட்டபோது, உண்மையைச் சொன்னால் தள்ளிப் போட்டுவிடுவார்களோ என்று 'காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை' என்று சொல்லிவிட்டேன். மயக்கம் கொடுக்கும்போதே வாந்தி மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டதாம். அப்புறம் நிமோனியா என்றார்கள். 6 நாள் வென்டிலேட்டர், 19 நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்துவிட்டார். ஆனால் என் அக்கா இன்றுவரை 'நீ கொடுத்த பால்தான்' என்கிறாள். இப்போது அதே இடத்தில் மறுபடி வீக்கம். நாள் குறித்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். 'செத்தாலும் வர மாட்டேன்' என்கிறார் அம்மா. நடந்தது என் தப்பா, ஆஸ்பத்திரியின் தப்பா? மறுபடி மயக்கம் கொடுத்தால் இதேதான் நடக்குமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலூர் மாவட்டத்தை 2019-ல் மூன்றாகப் பிரித்துவிட்டாலும் பழைய ஆட்கள் இன்னும் வட ஆற்காடு என்றே சொல்லும் இந்த ஊர்களில்தான் 27 வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். தியேட்டர் வாசலில் நின்று 'ஒண்ணும் சாப்பிடலை' என்று சொன்னவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆபரேஷன் நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்புதான்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நுரையீரலுக்குள் போனதில் நீங்கள் கொடுத்த பாலும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் அந்தப் பாலைக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கக்கூடும். அந்த வயிற்றை அப்படி நிரப்பியது உங்கள் டம்ளர் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் அக்காவும் படிக்க வேண்டும் என்பதற்காக.

நமக்குச் சாப்பிடும்போது புரை ஏறுகிறது இல்லையா? கண்ணில் தண்ணீர் வர இருமுகிறோம், பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டி 'யாரோ நினைக்கிறாங்க' என்கிறார். அந்த இருமல் ஒரு காவல். தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரு பருக்கை தவறான வழியில் கால் வைத்தால்கூட குரல்வளை சட்டென்று மூடிக்கொள்ளும், இருமல் அதை வெளியே தள்ளிவிடும். தூங்கும்போதும் இந்தக் காவல் வேலை செய்யும். ஆனால் மயக்க மருந்து கொடுத்தால் செய்யாது. கத்தி வைக்கும்போது வலி தெரியாமல் இருக்க நாங்கள் கொடுக்கும் அதே மருந்து, புரை ஏறும் சக்தியையும் எடுத்துவிடுகிறது. இரைப்பையின் மேல் வாயைச் சுருக்கிப் பிடித்திருக்கும் தசையும் தளர்ந்துவிடும். வயிற்றில் ஏதாவது இருந்தால் சத்தமே இல்லாமல் மேலே ஏறி வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். வாந்தி எடுப்பது போன்ற அறிகுறிகூடப் பல நேரம் இருக்காது. 'வெறும் வயிற்றோடு வாருங்கள்' என்று நாங்கள் சொல்வதற்கு முழுக் காரணமும் இதுதான். செரிமானத்துக்கும் கத்திக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது அம்மாவின் வயிற்றுக்கு வருவோம். நாம் எதுவும் சாப்பிடாவிட்டாலும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பு நாள் முழுக்க ஊற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 லிட்டர். அதைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. குடலிறக்கத்தில் குடல் சிக்கி வழி அடைபட்டால் அந்த நீர் எங்கே போகும்? மதகை அடைத்த ஏரியில் மழை பெய்த மாதிரி மேலே மேலே தேங்கும். குடல் நிரம்பி, இரைப்பை நிரம்பி, அப்புறம் வாந்தியாக வரும். ராத்திரி முழுக்க வாந்தி என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். இப்படிப்பட்ட ஒருவருக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டதும் பச்சையும் பழுப்புமாக ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பையில் இறங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதில் உங்கள் அரை டம்ளர் 100 மில்லி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. குடல் அடைப்போடு வருபவரை, அவர் மூன்று நாள் பட்டினி என்று சத்தியமே செய்தாலும், நாங்கள் நிறைந்த வயிறு என்றுதான் எடுத்துக்கொள்வோம். எங்கள் படிப்பில் முதல் வருடமே மண்டையில் ஏற்றும் பாடம் இது. ஆகவே அன்றைக்கு மயக்கம் கொடுத்த டாக்டர் உங்கள் வார்த்தையை மட்டும் நம்பி முடிவெடுத்திருக்க மாட்டார். நீங்கள் 'பால் குடித்தார்' என்று சொல்லியிருந்தாலும் ஆபரேஷன் அதே 7 மணிக்குத்தான் நடந்திருக்கும். சிக்கிய குடல் அழுகிக்கொண்டிருக்கும்போது பால் செரிக்கட்டும் என்று ஆறு மணி நேரம் காத்திருக்கும் சர்ஜன் யாரும் கிடையாது.

சரி, அப்படியானால் பொய் சொன்னதில் தப்பே இல்லையா? இருக்கிறது தம்பி. உங்கள் அம்மா விஷயத்தில் அந்தப் பொய்யால் பெரிதாக எதுவும் மாறவில்லை. வேறொருவர் விஷயத்தில் எல்லாமே மாறியிருக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு பைக்கில் திரும்பும்போது விழுந்து, தொடை எலும்பு உடைந்து, காலுக்கு ரத்த ஓட்டமும் சரியில்லாமல் இருந்தது. சாப்பிட்டது 2 மணி, விழுந்தது 3 மணி. நாங்கள் மயக்கம் கொடுக்கும்போது இரவு 11. 'ஒம்பது மணி நேரம் ஆயிடுச்சே மேடம், இனிமே என்ன இருக்கப் போவுது' என்றார் அவருடைய மாமா. ஆனாலும் நேரத்தை ஒளிக்காமல் சொன்னார், அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நிறைந்த வயிறு என்று எண்ணியே மயக்கம் கொடுத்தேன். மூச்சுக்குழாயில் ட்யூபை வைத்து, அதன் நுனிப் பலூனை ஊதி அடைத்த பிறகு, வயிற்றுக்குள் பெரிய குழாய் விட்டு உறிஞ்சினோம். உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் அதன் முனையில் நாலைந்து சோற்றுப் பருக்கைகள். உடையாத, நீள நீளப் பருக்கைகள், ஒரு கறித் துண்டின் நாரோடு.

அடிபட்டால், வலித்தால், பயந்தால் வயிறு வேலையை நிறுத்திவிடும். வலிக்குப் போடும் மார்ஃபின் மாதிரி ஊசிகள் அதை இன்னும் மெதுவாக்கும். அதனால் விபத்தில் வருபவர்களுக்கு, சாப்பிட்டதிலிருந்து ஆபரேஷன் வரை எத்தனை மணி நேரம் என்று நாங்கள் எண்ணுவதில்லை. சாப்பிட்டதிலிருந்து அடிபட்டது வரை எவ்வளவு நேரம் என்றுதான் எண்ணுகிறோம். அந்த இளைஞருக்கு அது ஒரு மணி நேரம். வயிற்றின் கடிகாரம் 3 மணிக்கே நின்றுவிட்டது.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். நாள் குறித்து வந்த ஒரு சின்னப் பையன். பசி என்று அழுததால் பாட்டி யாருக்கும் தெரியாமல் பாதிப் பரோட்டா கொடுத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஆரோக்கியமான பிள்ளை, வெறும் வயிறு என்று நம்பி எளிய முறையில் மயக்கம் கொடுத்தோம். வயிற்றில் இருந்தது மேலே வந்ததை நல்ல வேளையாகச் சீக்கிரம் கவனித்தோம், இரண்டு நாளில் பையன் தேறிவிட்டான். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் மறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்கு மாற்றி வைத்திருப்போம்.

அதனால் நர்ஸோ டாக்டரோ 'எப்போ சாப்பிட்டாங்க' என்று கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கடைசியாகக் கெட்டியான சாப்பாடு எத்தனை மணிக்கு, பாலோ டீயோ தண்ணீரோ எத்தனை மணிக்கு, வலியோ அடியோ எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, வாந்தி எடுத்தாரா, என்னென்ன மாத்திரை போட்டார். உயிர் போகும் அவசரம் என்றால் சாப்பிட்டதற்காக ஆபரேஷனை யாரும் நிறுத்த மாட்டார்கள். மயக்கம் கொடுக்கும் முறையைத்தான் மாற்றுவார்கள். காத்திருக்கலாம் என்றால் காத்திருப்பார்கள், அதுவும் உங்கள் ஆளின் நன்மைக்குத்தான்.

அந்த மாற்று முறை என்ன என்று அம்மாவுக்கும் தெரியட்டும். அன்று தனக்கு என்ன நடந்தது என்று தெரியாததுதான் அவருடைய பயத்தில் பாதி என்று நினைக்கிறேன். நிறைந்த வயிற்றோடு வருபவரைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைப்போம். உறிஞ்சும் குழாயை ஓட விட்டுத் தலையணை அடியில் செருகி வைப்போம். முகமூடி வைத்து மூன்று நிமிடம் சுத்தமான ஆக்சிஜனை இழுத்து மூச்சு விடச் சொல்வோம், அதுதான் கையிருப்பு. பிறகு தூங்க வைக்கும் மருந்தையும் தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சட்டென்று கொடுத்து, நடுவில் காற்றை ஊதாமல் காத்திருந்து, ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்குழாயில் ட்யூபை வைத்துப் பலூனை ஊதிவிடுவோம். பலூன் ஊதிய பிறகு வயிற்றிலிருந்து எது வந்தாலும் பெரும்பாலும் அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். 1961-ல் லண்டன் டாக்டர் செல்லிக் சொன்னபடி, அந்த ஒரு நிமிடம், வயிற்றில் இருப்பது மேலே வராமல் இருக்க, உதவியாளர் ஒருவர் தொண்டைக் குருத்தெலும்பை விரலால் அழுத்திப் பிடிப்பதும் உண்டு. அதனால் உண்மையில் பயன் உண்டா என்று இப்போது எங்களுக்குள் பலமான கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் இன்னமும் பிடிக்கச் சொல்கிறேன், ட்யூப் போட இடைஞ்சலாக இருந்தால் உடனே கையை எடுக்கச் சொல்லிவிடுவேன்.

அந்த ஒரு நிமிடம்தான் எங்கள் தொழிலின் மிக நீளமான நிமிடம். தூங்க வைத்தாகிவிட்டது, காவல் போய்விட்டது, கதவு இன்னும் சாத்தவில்லை. அம்மாவுக்கு அந்த இடைவெளியில்தான் வந்திருக்கிறது. அப்படி வந்தால் உடனே தலையைத் தாழ்த்தி, ஒருபக்கமாகத் திருப்பி, உறிஞ்சி, ட்யூபைப் போட்டு, ட்யூபுக்குள்ளும் உறிஞ்சிய பிறகுதான் காற்றைக் கொடுப்போம்.

நிமோனியா என்ற சொல்லைக் கேட்டதும் 'ஆஸ்பத்திரியில் சுத்தம் இல்லை, அதனால் கிருமி வந்தது' என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. இதில் இரண்டு கட்டம் உண்டு. இரைப்பை நீர் கடுமையான அமிலம். நம் வயிற்றின் உட்சுவர் அதைத் தாங்கும்படி அமைந்திருக்கிறது, நுரையீரலின் சுவரோ சோப்புக் குமிழி போல மெல்லியது. அமிலம் பட்டதும் அது வெந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறும், ஆக்சிஜன் அளவு இறங்கும், சில மணி நேரம் கழித்து உடம்பின் வெள்ளை அணுக்கள் அங்கே குவிந்து வீக்கம் அதிகமாகும். இது கிருமி இல்லாத புண். 1946-ல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் மெண்டல்சன் இதைத்தான் முதலில் தெளிவாக எழுதினார். 44,016 பிரசவங்களின் குறிப்புகளைப் பார்த்ததில் 66 பெண்களுக்கு மயக்கத்தில் இப்படி நேர்ந்திருந்தது. அதில் இறந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் கெட்டியான உணவு மூச்சை அடைத்து இறந்தவர்கள். அமிலத்தை முறித்த பிறகு நுரையீரலில் விட்டால் அந்த அளவு கெடுதல் இல்லை என்பதை முயல்களிடம் சோதித்தும் காட்டினார். பிரசவ வலியில் இருக்கும் பெண்களுக்குச் சாப்பாடு கொடுப்பதில் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் கடுமையாக நடந்துகொண்டதற்கு அந்தக் கட்டுரை ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது கட்டம் கிருமி. வெந்த இடத்தில் வாயிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகள் குடியேறினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் மஞ்சள் சளியுமாக உண்மையான நிமோனியா வரும். சாதாரணமாக அமிலப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் உடனே தேவையில்லை, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம். ஸ்டீராய்டு கொடுத்தும் பயன் இல்லை. ஆனால் குடல் அடைப்பில் மேலே வரும் நீரில் குடல் கிருமிகளும் கலந்திருக்கும் என்பதால், உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு முதல் நாளே ஆன்டிபயாடிக் போடுவதுதான் சரி. வென்டிலேட்டர் நோயைக் குணமாக்கும் கருவி இல்லை. நுரையீரல் தானாக ஆறும் வரை மூச்சு வேலையைத் தன் தோளில் வாங்கிக்கொள்ளும் கருவி. 6 நாளில் அதிலிருந்து வெளியே வந்தார் என்றால் அம்மாவின் உடம்பும் நன்றாகப் போராடியிருக்கிறது, பார்த்துக்கொண்டவர்களும் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியின் தவறா என்று கேட்டீர்கள். அன்றைய மயக்கக் குறிப்பைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொன்னால் அது அநியாயம். எல்லாம் முறையாகச் செய்தாலும் இது நடக்கும். ரைல்ஸ் ட்யூப் நீரை இழுத்தாலும் வயிற்றை முழுக்கக் காலி செய்யாது. பிரிட்டனில் 2011-ல் வந்த ஒரு தேசிய அறிக்கையில், மயக்கத்தின்போது மூச்சுவழிச் சிக்கலால் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனதுதான் காரணம் என்று தெரிந்தது. அவ்வளவு வசதி உள்ள நாட்டிலும் அப்படித்தான். அதே அறிக்கை, ஆபத்தை முன்கூட்டியே கணிக்கத் தவறியதும் பல இடங்களில் நடந்தது என்று சொன்னது. ஆகவே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது: ஆபரேஷனுக்கு முன் ரைல்ஸ் ட்யூப் போட்டார்களா, நிறைந்த வயிற்றுக்கான முறையில் மயக்கம் கொடுத்தார்களா, எந்த நேரத்தில் வாந்தி வந்தது. சண்டை போடும் குரலில் வேண்டாம். தெரிந்துகொள்ளும் குரலில் கேளுங்கள், பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு மயக்கக் குறிப்பின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. வழக்குக்காகச் சொல்லவில்லை. அடுத்த மயக்க மருந்து டாக்டருக்கு அந்தத் தாள் தங்கம் மாதிரி. ட்யூப் போடுவது எளிதாக இருந்ததா, சிரமமாக இருந்ததா என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

இனி அடுத்த ஆபரேஷன். எனக்கு இதுதான் மிக முக்கியம், இங்கே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மறுபடி வந்த குடலிறக்கத்தை அப்படியே விட்டால் அது மறுபடி சிக்கலாம். அப்போது இன்னொரு ராத்திரி, இன்னொரு உப்பிய வயிறு, இன்னொரு அவசர மயக்கம். அம்மா எதற்குப் பயப்படுகிறாரோ அது மறுபடி வரக்கூடிய வழி, இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மயக்கங்களைக் கணக்கெடுத்து 1993-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவசர ஆபரேஷன்களில் 895 பேரில் ஒருவருக்கு வயிற்று நீர் நுரையீரலுக்குள் போயிருந்தது. நாள் குறித்துச் செய்ததில் 3,886 பேரில் ஒருவருக்கு. அப்படிப் போனவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு மூச்சுத் தொந்தரவு எதுவும் வரவில்லை. அம்மாவுக்குச் சுகர் இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும்தான். ஆனால் அடைபட்ட குடலோடு மேஜையில் ஏறியதையும், காலை முதல் கேஸாக அமைதியாகப் போவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

அன்றைக்குக் குடலின் நிலைமை மோசமாக இருந்திருந்தால், வயிற்றுச் சுவரைத் தாங்க வைக்கும் செயற்கை வலை வைக்காமல் தைத்து மூடியிருப்பார்கள், தொற்று வரும் என்பதால். மறுபடி வீங்கியதற்கு அது காரணமாக இருக்கலாம். இந்த முறை வலை வைத்துத் திடமாகச் செய்ய முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷன் அன்று காலையில் வாசலில் பார்ப்பது போதாது. சில நாள் முன்பே போய்ப் பாருங்கள். நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள், பாலைப் பற்றியும் சொல்லுங்கள். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுகிறதா, இரவு படுத்தால் புளிப்பு மேலே வருகிறதா என்று அவர் கேட்பார். நீண்ட நாள் சுகரில் வயிறு மெதுவாக வேலை செய்யும், அதைத் தெரிந்துகொள்ளத்தான். சுகருக்கோ எடை குறையவோ வாரம் ஒரு முறை போடும் புது ஊசி, செமாக்ளூடைட் போன்றது, போட்டுக்கொள்கிறார் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அதுவும் வயிற்றைத் தாமதப்படுத்தும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்விடுவதே நல்லது. இப்போது சில இடங்களில் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து இரைப்பை காலியா என்று அங்கேயே பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அப்படிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறை இதற்கு ஒத்துவருமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அது ஒத்துவந்தாலும் வெறும் வயிறு தேவைதான், நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரலாம்.

பீடி சுற்றுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். புகையிலைத் தூள் வருடக்கணக்கில் மூச்சில் போயிருக்கும், அதையும் சொல்லுங்கள், நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள். வெற்றிலை புகையிலை போடும் வழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தட்டும். காலையும் இரவும் பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைத்திருந்தால், தொண்டையில் இறங்கக் காத்திருக்கும் கிருமி குறையும். ஆடும் பல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி முன்பே கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்து மேலே ஏறி இரண்டு மூன்று நொடி அங்கேயே நிற்கும்படி மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பழகட்டும்.

பட்டினிக் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். இட்லி, கஞ்சி போன்ற லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம். பிரியாணி, பரோட்டா, வடை போல எண்ணெயும் கறியும் சேர்ந்ததற்கு 8 மணி நேரம். பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடும், அதனால் பாலும் பால் சேர்த்த டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், 6 மணி நேரம். கூழும் அப்படியே. வெறும் தண்ணீர் மட்டும் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். அம்மாவைப் போல சுகரால் வயிறு மெதுவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் டாக்டர் இன்னும் கூட்டிச் சொல்லலாம், அவர் சொல்வதே கணக்கு. முதல் நாள் ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மதியம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நம் ஊர் வெயிலில் வாடிப்போய் வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அதனால் நன்மை எதுவும் இல்லை, ரத்த அழுத்தமும் சுகரும்தான் இறங்கும். சுகர்க்காரர் என்பதால் முதல் கேஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சுகர் இறங்கிவிடுமோ என்று உங்களுக்குப் பயம் வந்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள், விரலில் குத்திப் பார்த்துத் தேவைப்பட்டால் குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவார்கள். அன்றைக்கும் உங்கள் பயம் நியாயமானதுதான், அதை நர்ஸிடம் சொல்லியிருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் அம்மா தூக்கக் கலக்கத்தில் 'தாகமா இருக்கு' என்பார். கேட்டுவிட்டுக் கொடுங்கள். நன்றாக விழித்து, பேசி, சாய்ந்து உட்கார்ந்த பிறகு, நர்ஸ் சொன்ன நேரத்தில், முதலில் ஒரு ஸ்பூன். அதுவரை ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டால் தாகம் அடங்கும்.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பள்ளிகொண்டா டோல்கேட் பக்கமோ வேறெங்கோ விபத்து நடந்தால், அடிபட்டவர் வாயில் தண்ணீரும் சோடாவும் ஊற்ற நாலு பேர் ஓடி வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் நினைவு தப்பியவருக்கும் புரை ஏறும் சக்தி இருக்காது. அவர் தானாக மூச்சு விடுகிறார், கழுத்தில் அடி இல்லை என்றால் ஒருபக்கமாகப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

அக்காவிடம் நீங்கள் வாதாட வேண்டாம், இந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள். ஆறு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவருக்கும் யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்திருக்கும். கையில் கிடைத்தது நீங்கள். அம்மாவிடம், மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க மட்டும் வரச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது, இந்த முறை என்ன செய்யப் போகிறார்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பொறுமையாகச் சொல்லட்டும். அதற்குப் பிறகு அவரே முடிவெடுக்கட்டும்.

காலை 8 மணிக்கு ஆபரேஷன் என்று ஆனால், முதல் நாள் இரவு 8 மணிக்குள் இரண்டு மூன்று இட்லி போதும். சுகர் மாத்திரையை என்ன செய்வது என்று முன்பே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 5 மணிக்கு எழுப்புங்கள். டாக்டர் சரி என்று சொல்லியிருந்தால் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர், நீங்களே உங்கள் கையால் கொடுங்கள். நர்ஸ் வந்து கேட்கும்போது அந்த 5 மணியைச் சொல்லுங்கள்.